போலீஸ் துறை வேலைக்கு அசோசியேட் டிகிரி: கலிஃபோர்னியாவில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

2019 ஜூன் மாதம் ஒரு தனியார் ஆன்லைன் கல்லூரியின் ஒப்பந்தம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கிரிமினல் ஜஸ்டிஸ் (குற்றவியல் நீதி) பாடத்தில் அசோசியேட் என்னும் இரண்டாண்டு டிகிரி, 60 கிரெடிட், மொத்தம் 31,000 டாலர். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி என்று தினம் ஒரு முறை போன் வந்தது. ஊரில் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணமாகி வந்தவள் நான். "இந்த டிகிரி இருந்தால் போலீஸ் துறையில் கதவு திறக்கும்" என்று அந்தப் போன்காரர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

புதன்கிழமை எங்கள் நகர நூலகத்தில் போலீஸ் துறை ஆள்சேர்ப்பு மேசை போட்டிருந்தார்கள். அங்கிருந்த சார்ஜென்ட் அம்மாவிடம் 911 என்னும் அவசர எண்ணுக்கு வரும் அழைப்பெடுக்கும் டிஸ்பாட்சர் வேலைக்கு என்ன படிப்பு வேண்டும் என்று கேட்டேன். "ஹைஸ்கூல் போதும். டைப்பிங் வேகம் இருக்கிறதா?" என்றார். 31,000 டாலருக்கு நான் வாங்கப் போன கதவு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

பிறகு நானும் அசோசியேட் டிகிரி வாங்கினேன். கம்யூனிட்டி காலேஜ் என்னும் உள்ளூர் அரசுக் கல்லூரியில், வேலை பார்த்துக்கொண்டே, மூன்றரை ஆண்டில். புத்தகம் உட்பட ஆன செலவு சுமார் 4,600 டாலர். இடையில் நான் செய்த தவறுகளால் பணமும் போனது, மாதங்களும் போயின. புதிதாக வருகிறவர்கள் அவற்றைத் திரும்பச் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கலிஃபோர்னியா. மற்ற மாநிலங்களில் கட்டணமும் விதியும் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

1. கல்லூரிக்கு முன்னால் வேலை அறிவிப்பைப் படியுங்கள்

நீங்கள் சேர விரும்பும் வேலைக்கு உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வந்த அறிவிப்புகளில் பத்தை எடுத்து வையுங்கள். நகரங்களும் கவுன்ட்டிகளும் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன. கவர்ன்மென்ட்ஜாப்ஸ், கால்ஆப்ஸ் தளங்களிலும் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 'குறைந்தபட்சத் தகுதி' என்ற பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மணி நேர வேலை. நான் இதைச் செய்திருந்தால் அந்த ஒப்பந்தம் என் மேசைக்கே வந்திருக்காது.

எழுதிப் பார்த்தால் வேலைகள் மூன்றாகப் பிரியும்.

முதல் வகைக்கு டிகிரியே தேவையில்லை. 911 டிஸ்பாட்சர், சிறைக் காவலர், பெரும்பாலான நகரங்களில் போலீஸ் அதிகாரி, தனியார் செக்யூரிட்டி எல்லாம் இதில் வரும். ஹைஸ்கூல் அல்லது அதற்கு இணையானது போதும், மற்றபடி தேர்வும் பின்னணி விசாரணையும்தான்.

இரண்டாம் வகை கல்லூரி கிரெடிட் கேட்கும். நியூயார்க் நகரப் போலீஸ் பல ஆண்டுகளாக 60 கிரெடிட் கேட்டது. 2025 பிப்ரவரியில் அதை 24 ஆகக் குறைத்துவிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலப் போலீஸ் 2023இல் கிரெடிட் நிபந்தனையையே நிறுத்தி வைத்தது. ஆள் கிடைக்காமல் துறைகள் தகுதியைத் தளர்த்திக்கொண்டே வருகின்றன. "60 கிரெடிட் இல்லாமல் எங்கும் எடுக்க மாட்டார்கள்" என்று எந்தக் கல்லூரிக்காரராவது சொன்னால், எந்தத் துறை, எந்தத் தேதி அறிவிப்பு என்று கேளுங்கள்.

மூன்றாம் வகைக்கு அசோசியேட் போதாது. புரொபேஷன் ஆபீசருக்கு (சிறைக்கு வெளியே தண்டனைக் காலத்தைக் கழிப்பவர்களைக் கண்காணிப்பவர்) பொதுவாக நான்காண்டு டிகிரி வேண்டும். தடயவியல் ஆய்வக வேலைக்கு வேதியியல், உயிரியல் போன்ற அறிவியல் டிகிரி கேட்பார்கள். எஃப்பிஐ ஸ்பெஷல் ஏஜென்ட் ஆக நான்காண்டு டிகிரி, வேலை அனுபவம், அமெரிக்கக் குடியுரிமை மூன்றும் வேண்டும், வயது 37ஐத் தொட்டிருக்கக் கூடாது. கல்லூரி விளம்பரங்களில் கோட்டு போட்ட துப்பறிவாளர் படம்தான் எப்போதும் இருக்கும். அந்தப் படத்துக்கும் இரண்டாண்டு டிகிரிக்கும் சம்பந்தமில்லை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சீருடை அதிகாரி ஆக, அரசுச் சட்டத் தொகுப்பின் 1031ஆம் பிரிவுப்படி ஹைஸ்கூல் முடித்திருக்க வேண்டும். அந்த ஹைஸ்கூல் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. நம் ஊர் பிளஸ் டூ சான்றிதழை அதற்கு அப்படியே ஏற்காமல் போகலாம். அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் இரண்டாண்டு டிகிரி இருந்தால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும். ஆனால் ஹைஸ்கூலுக்கு இணையான ஜிஇடி தேர்வில் தேறினாலும் நிறைவேறும். நான்கு தாள், மொத்தக் கட்டணம் 200 டாலருக்குள், சில மாத உழைப்பு. இந்த ஒரு தடைக்காக மட்டும் டிகிரி படிக்க நினைப்பவர்கள் முதலில் ஜிஇடி எழுதுங்கள்.

2. உங்கள் விசா எந்த வேலையை அனுமதிக்கிறது என்று பாருங்கள்

மத்திய அரசின் சட்ட அமலாக்க வேலைகளுக்குக் குடியுரிமை வேண்டும். கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல், எஸ்பி 960 சட்டப்படி, வேலை செய்யச் சட்ட அனுமதி உள்ளவர் போலீஸ் அதிகாரியாக விண்ணப்பிக்கலாம், குடியுரிமை கட்டாயமில்லை. வேறு பல மாநிலங்களில் இன்னும் குடியுரிமை கேட்கிறார்கள். கிரீன் கார்டில் இருக்கும்போது ஓரிடத்தில் படித்துவிட்டு வேறு மாநிலம் போகும் எண்ணம் இருந்தால் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்-4இல் (எச்-1 வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாத நிலையில் இருந்தால், இந்த டிகிரியை அவசரமாகப் படிக்காதீர்கள் என்பேன். சம்பளம் வரத் தொடங்கும் தேதி தெரியாமல் வரவு செலவுக் கணக்கை முடிக்க முடியாது. ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் இதைப் படிக்கவே வர நினைக்கும் பிள்ளைகளுக்கு: வேண்டாம். வெளிமாநிலக் கட்டணம் கட்டி, செய்ய முடியாத வேலைக்குப் படிப்பதாகும்.

இன்னொன்று. கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி கிடைக்கும். மத்திய சட்டத்தில் அது இன்னும் குற்றம். குடியுரிமை விண்ணப்பமும் மத்திய அரசு வேலையும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. கல்லூரி போகும் பிள்ளைகளிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

3. சரியான பெயரில் தேடுங்கள், அங்கீகாரத்தைப் பாருங்கள்

நான் விழுந்த முதல் குழி இது. இணையத்தில் 'கிரிமினல் ஜஸ்டிஸ் அசோசியேட்' என்று தேடினேன். முதல் பக்கம் முழுக்க விளம்பரம் கொடுத்த தனியார் கல்லூரிகள். வீட்டிலிருந்து நான்கு மைல் தூரத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜ் கண்ணில் படவே இல்லை. ஏனென்றால் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தப் பாடத்துக்குப் பெயர் 'அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்'. அந்தப் பெயரில் தேடுங்கள்.

அங்கீகாரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. வெஸ்ட்வுட் காலேஜ் என்னும் தனியார் கல்லூரியின் கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பு மீது இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் லிசா மாடிகன் 2012இல் வழக்குப் போட்டார். அந்தப் படிப்பால் மாநிலப் போலீசிலும் சிகாகோ போலீசிலும் சேரலாம் என்று மாணவர்களை நம்ப வைத்தார்கள், ஆனால் கல்லூரிக்கு வட்டார அங்கீகாரம் (கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கும் வட்டார அமைப்பின் ஒப்புதல்) இல்லாததால் அந்தத் துறைகள் கிரெடிட்டை ஏற்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2015இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2022இல் மத்தியக் கல்வித் துறை அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் சுமார் 79,000 பேரின் கடனைத் தள்ளுபடி செய்தது. தொகை 150 கோடி டாலர். தள்ளுபடி வந்தது சரி, ஆனால் அதுவரை கட்டிய ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

சேரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் விரும்பும் போலீஸ் துறையின் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, "இந்தக் கல்லூரியின் கிரெடிட்டை ஏற்பீர்களா?" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில், படித்து முடித்தவர்கள் வாங்கும் சம்பளமும் அவர்களின் கடன் அளவும் பல படிப்புகளுக்குத் தனித்தனியாக இருக்கும். அதையும் பாருங்கள். கல்லூரிக்காரர் போனில் சொல்லும் சம்பளத்தைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம்.

4. செலவை முழுசாக எழுதுங்கள்

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (கிரெடிட்டைத்தான் இங்கே யூனிட் என்பார்கள்) 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760. மாணவர் நலக் கட்டணம், பார்க்கிங் எல்லாம் தனி. நான் ஒரு செமஸ்டருக்கு 9 யூனிட் எடுத்தேன், கட்டணம் 414 டாலர்.

ஆனால் எனக்கு வந்த முதல் பில் 414 அல்ல, 3,000 டாலருக்கு மேல்! மாநிலத்தில் எட்டு ஆண்டு வாழ்ந்திருந்தும் என்னை வெளிமாநிலத்தவராகக் கணக்கிட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் குடியேற்ற நிலைப் பகுதியை நான் பாதியில் விட்டதுதான் காரணம். வெளிமாநிலத்தவருக்கு யூனிட்டுக்கு 300 டாலருக்கும் மேல் போகும். வகுப்பு தொடங்கும் முன் ஓராண்டும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் வசித்ததற்கும், இங்கேயே தங்கும் எண்ணம் உண்டு என்பதற்கும் காகிதம் வேண்டும். டிரைவிங் லைசென்ஸ், மாநில வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், கிரீன் கார்டு நான்கையும் கொண்டுபோய் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் கொடுத்தேன். பில் சரியாவதற்கு மூன்று வாரமானது. எச்-1, எச்-4இல் இருப்பவர்களும் மாநிலவாசி ஆகலாம், எஃப்-1இல் முடியாது. பில் தப்பாக வந்தால் பயந்து வகுப்பை விட்டுவிடாதீர்கள், ஆனால் கெடு தேதிக்குள் ஓடுங்கள்.

புத்தகத்தில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். வகுப்பு அட்டவணையில் 'ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்' என்று குறித்த பிரிவுகள் இருக்கும், அவற்றுக்குப் புத்தகமே வாங்க வேண்டாம். இது எனக்கு மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது. அதற்குள் அறுநூறு டாலர் போய்விட்டது.

இனி யாரும் எழுதாத செலவு: நேரம். ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்ந்து சுமார் 48 மணி நேரம். 60 யூனிட்டுக்கு 2,880 மணி. கலிஃபோர்னியாவின் 2025 குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். பெருக்கினால் 47,520 டாலர்! இந்தத் தொகையை யாரிடமும் நீங்கள் கட்டப் போவதில்லை. ஆனால் அத்தனை மணி நேரம் ஓவர்டைம் பார்க்கவோ பிள்ளைகளோடு இருக்கவோ முடியாது. என் சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. இரவு ஒன்பது மணிக்கு அவளைத் தூங்கவைத்துவிட்டு அரசமைப்புச் சட்டத் திருத்தங்களைப் படித்தேன். அதனால்தான் சொல்கிறேன், கல்லூரிக் கட்டணம் மலிவு என்பதால் மட்டும் இந்தப் படிப்பில் சேராதீர்கள்.

கடன் வாங்கிப் படித்தால் கணக்கு இப்படிப் போகும். பெற்றோரைச் சாராதவராகக் கணக்கிடப்படும் மாணவருக்கு மத்திய அரசு முதல் ஆண்டு 9,500, இரண்டாம் ஆண்டு 10,500 டாலர் வரை கடன் தரும். இரண்டும் சேர்ந்து 20,000. 2024-25 கல்வியாண்டில் வட்டி 6.53 சதவீதம். பத்தாண்டுத் தவணையில் மாதம் சுமார் 227 டாலர், மொத்தம் 27,000க்கு மேல். 31,000 டாலர் கல்லூரியில் சேர்ந்திருந்தால் மீதி 11,000க்குத் தனியார் கடன்தான் வாங்கியிருப்பேன்.

5. உதவித்தொகை: கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்

ஃபாஃப்சா என்னும் மத்திய அரசுக் கல்வி உதவி விண்ணப்பம் குடிமக்களுக்கும், ஹைஸ்கூல் முடித்து வரும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கிரீன் கார்டு உள்ளவர்களும், எந்த வயதிலும் போடலாம். முதல் ஆண்டு நான் போடவே இல்லை. வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும், வரிக் கணக்கு இரண்டு ஆண்டுக்கு முந்தையது கேட்பார்கள். மத்திய அரசு உதவித்தொகையான பெல் கிராண்டின் உச்சத் தொகை 2024-25இல் 7,395 டாலர். வருமானத்தைப் பொறுத்து அதில் ஒரு பகுதி கிடைத்தாலும் கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தில் பெரும்பகுதி அடங்கலாம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

ஊரில் பி.ஏ., பி.காம்., பி.இ. முடித்தவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நான்காண்டு டிகிரிக்கு இணையான ஒன்று ஏற்கெனவே இருந்தால் பெல் கிராண்ட் கிடையாது. வெளிநாட்டு டிகிரியும் கணக்கில் வரும். மூன்றாண்டு டிகிரி என்றால் கல்லூரியின் நிதி உதவி அலுவலகம் ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யும். "அமெரிக்காவில் படிக்கவில்லையே" என்று விண்ணப்பத்தில் இல்லை என்று குறித்துவிடாதீர்கள். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், பின்னால் பின்னணி விசாரணையில் பொய் சொன்னதாகவும் நிற்கும். அதைவிட முக்கியமானது: ஊர் டிகிரி இருப்பவருக்குப் பல சமயம் இந்த அசோசியேட் தேவையே இல்லை. அது இங்கே எதற்கு இணை என்று மதிப்பீடு செய்து வாங்கி, நீங்கள் சேர விரும்பும் துறையில் முதலில் காட்டுங்கள்.

மாநில அளவில் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் உண்டு. வருமானம் குறைவாக இருந்தால் யூனிட்டுக்கான 46 டாலரைத் தள்ளுபடி செய்யும். இரண்டுக்கும் தகுதி இல்லாதவர்களுக்கு வரிச் சலுகை இருக்கிறது. கல்லூரிப் படிப்பின் முதல் நான்கு ஆண்டில் இருப்பவருக்கு, குறைந்தது பாதி நேர மாணவராக இருந்தால், அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை. புத்தகச் செலவும் இதில் சேரும், அதனால் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

6. டிகிரி எவ்வளவு கூட்டித் தரும் என்று பாருங்கள்

நாம் எல்லோரும் தவறான எண்ணைப் பார்க்கிறோம். தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்கில் நாடு முழுவதற்குமான நடு ஊதியம், முழு எண்ணாக்கிச் சொன்னால்: போலீஸ் ரோந்து அதிகாரி 72,000 டாலர், சிறைக் காவலர் 53,000, அவசர அழைப்பு டிஸ்பாட்சர் 49,000, செக்யூரிட்டி கார்டு 37,000. கலிஃபோர்னியாவில் இவற்றைவிட அதிகம், வாடகையும் அதற்கேற்பத்தான். ரோந்து அதிகாரிக்கு 72,000 என்பது வேலையின் சம்பளம். டிகிரி இல்லாமல் சேர்ந்தவரும் அதே சம்பளம்தான் வாங்குகிறார். டிகிரியின் வருமானம் என்பது, அது இருப்பதால் கூடுதலாக வரும் தொகை மட்டும்தான்.

அந்தக் கூடுதலை எங்கே பார்ப்பது? நகரத்துக்கும் ஊழியர் சங்கத்துக்கும் இடையிலான ஊதிய ஒப்பந்தத்தில். எம்ஓயூ என்பார்கள். நகர இணையதளத்தில் எச்ஆர் பக்கத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருப்பார்கள். அதில் 'எஜுகேஷன் இன்சென்டிவ்' (படிப்புக்கான ஊக்கத்தொகை) என்று தேடுங்கள். சில ஊர்களில் அசோசியேட்டுக்கு இரண்டரை சதவீதம், சிலவற்றில் ஐந்து, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே இப்படி மாறும்.

நான் டிஸ்பாட்சராக வேலை பார்க்கும் நகரத்தின் ஒப்பந்தத்தில் அசோசியேட்டுக்கு இரண்டரை சதவீதம். அடிப்படைச் சம்பளம் 84,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 2,100, மாதம் 175 டாலர், வரிக்கு முன். நான் செலவழித்த 4,600 டாலர் 27 மாதத்தில் திரும்பிவிடும். அதே 175 டாலரை வைத்து 31,000 டாலர் கல்லூரியின் கணக்கைப் போட்டால், வட்டியே இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட 15 ஆண்டு. டிகிரி ஒன்றேதான், காகிதத்தில் கல்லூரிப் பெயர் மட்டும் வேறு.

சீருடை அதிகாரிகளுக்கு இன்னொரு வழியிலும் கூடும். போலீஸ் பயிற்சித் தரத்தை வகுக்கும் மாநில போஸ்ட் ஆணையம் தரும் இன்டர்மீடியட் சான்றிதழுக்குப் பல துறைகள் தனியாக ஊக்கத்தொகை தருகின்றன. அசோசியேட் இருந்தால் நான்கு ஆண்டு அனுபவத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம், 15 யூனிட் மட்டும் இருப்பவருக்கு எட்டு ஆண்டு பிடிக்கும். சார்ஜென்ட் பதவி உயர்வுக்கு அசோசியேட்டோ 60 யூனிட்டோ கேட்கும் ஊர்களும் உண்டு. பத்து ஆண்டுக்கு மேல் அந்தத் துறையில் இருக்கப் போகிறவருக்கு டிகிரி நிச்சயம் பலன் தரும். செக்யூரிட்டி வேலைக்கு மட்டும் போகிறவர் இந்தப் படிப்பில் ஒரு டாலர்கூடப் போட வேண்டாம்.

என் யோசனை இதுதான்: முதலில் வேலை, பிறகு டிகிரி. டிஸ்பாட்சருக்கான 120 மணி நேர அடிப்படைப் பயிற்சி, வேலையில் சேர்ந்த பின் துறைச் செலவிலேயே நடக்கும். சேர்ந்த பிறகு கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் நகரங்களும் இருக்கின்றன. வகுப்பில் சேரும் முன்னே அனுமதி வாங்கினால்தான் தருவார்கள்.

7. ஊரிலிருந்து வர வேண்டிய காகிதங்கள்

இதற்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். மிகைப்படுத்தவில்லை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ். கல்லூரி போனவர்களுக்குப் பல்கலைக்கழக ட்ரான்ஸ்கிரிப்ட்டும். மதிப்பீட்டை நேசஸ் என்னும் மதிப்பீட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பில் உள்ள ஒன்றிடம் வாங்குங்கள், மற்றவர்கள் தருவதைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். அனுப்பும் செலவோடு 200 டாலருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாடவாரி மதிப்பீடு கேளுங்கள். மலிவான பொது மதிப்பீட்டை வாங்கினால் கல்லூரி யூனிட் தராது, மறுபடி கட்ட வேண்டி வரும். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பியதா, முத்திரையிட்ட உறையா என்று பார்ப்பார்கள். உறையைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினால் செல்லாது.

இதைவிடப் பெரிய தலைவலி நம் இனிஷியல். என் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர். கிரீன் கார்டில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று இங்கே யாருக்கும் தானாகப் புரியாது. மதிப்பீட்டு நிறுவனம் என் கோப்பை ஏழு வாரம் நிறுத்தி வைத்தது. கடைசியில் அண்ணன் ஊரில் நோட்டரியிடம், மூன்று பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து அனுப்பினான். அதை முதல் நாளே தயாரித்து வையுங்கள். அதே பத்திரம் பின்னணி விசாரணையிலும் உதவும்.

8. எந்த அசோசியேட், எந்த வரிசை

பின்னால் நான்காண்டு டிகிரிக்குப் போகும் எண்ணம் துளி இருந்தாலும், 'அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்' வகையைத் தேர்ந்தெடுங்கள். கலிஃபோர்னியாவில் அதை முடித்தால் கால் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி, நாம் கேட்கும் வளாகத்திலேயே கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. மற்ற மாநிலங்களில் 'அப்ளைட் சயன்ஸ்' என்று முடியும் அசோசியேட்டின் யூனிட்கள் பல இடங்களில் முழுசாக மாறுவதில்லை.

போலீஸ் அதிகாரி ஆகப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. சில கம்யூனிட்டி காலேஜ்களே போலீஸ் அகாடமி நடத்துகின்றன. அகாடமிப் பயிற்சி மாநில விதிப்படி குறைந்தது 664 மணி, நடைமுறையில் சுமார் ஆறு மாதம். அதற்குக் கிடைக்கும் யூனிட்கள் அதே டிகிரியில் சேருமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். சேரும் என்றால் அந்தப் பாடங்களை வகுப்பில் இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை. துறை உங்களை வேலைக்கு எடுத்து அகாடமிக்கு அனுப்பினால் முதல் நாளிலிருந்தே சம்பளம். சொந்தச் செலவில் போனால் பல ஆயிரம் டாலர் ஆகும், ஆறு மாதம் வருமானமும் இருக்காது.

9. பின்னணி விசாரணையை வைத்து நாள் குறியுங்கள்

விண்ணப்பம் போட்டதிலிருந்து வேலைக் கடிதம் வரை எனக்கு ஏழு மாதமானது. எழுத்துத் தேர்வு, டைப்பிங் சான்றிதழ், நேர்காணல் எல்லாம் இரண்டு மாதத்தில் முடிந்தன. மீதி ஐந்து மாதம் விசாரணைதான். கடந்த பத்தாண்டில் குடியிருந்த ஒவ்வொரு முகவரியும், அங்கே நம்மைத் தெரிந்த ஒருவரும் வேண்டும். வாடகை வீடு மாறி மாறி வாழ்ந்த நமக்கு இது லேசல்ல. பழைய வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் போன் எண்களை இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். கட்டாத டிராஃபிக் டிக்கெட், தாமதமான கிரெடிட் கார்டு, சமூக வலைத்தளப் பதிவு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தவறு இருந்தால் எழுதிவிடுங்கள். எனக்கு ஒரு பழைய பார்க்கிங் அபராதம் பாக்கி இருந்தது, நானே எழுதியிருந்தேன், ஒரு கேள்வியோடு முடிந்தது. மறைத்தவர்கள் பெயரை அங்கேயே அடித்துவிடுகிறார்கள்.

ஆகவே டிகிரி முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏற்கெனவே படிக்கத் தொடங்கியவர்கள் இரண்டாவது செமஸ்டரிலேயே விண்ணப்பம் போடலாம்.

10. டிகிரி தானாக வராது

60 யூனிட் முடித்தால் டிகிரி வீட்டுக்கு வந்துவிடும் என்று இருந்தேன். வராது. பட்டத்துக்குத் தனியாக மனு போட வேண்டும், அதற்குக் கெடு தேதி உண்டு. கடைசி செமஸ்டர் தொடங்கிய வாரமே போட்டுவிடுங்கள். நான் 2022 டிசம்பரில் பாடங்களை முடித்தேன். மனு தாமதமானதால் பட்டம் ட்ரான்ஸ்கிரிப்ட்டில் ஏறியது அடுத்த மே மாதம்.

ஏறியதும் அதிகாரபூர்வ ட்ரான்ஸ்கிரிப்ட்டைக் கல்லூரியிலிருந்து நேரே எச்ஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள், கூடவே ஊக்கத்தொகைப் படிவமும். எங்கள் ஒப்பந்தத்தில் படிவம் கைக்கு வந்த சம்பளக் காலத்திலிருந்துதான் கணக்கு, பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். அந்த ஐந்து மாதத்தில் எனக்கு வர வேண்டிய 875 டாலர் வரவில்லை.